நாய்க்குட்டியும் ஆட்டுமணியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே நாயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபொழுது சிலர் சிரித்தார்கள். சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய சபையிலே, நாய்க்குட்டி எங்கே சலம் விடவேண்டும் என்று ஒருவர் பேச எழுந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆயினும் ஒன்று கேட்கிறோம். வைரவர் சந்நிதியிலே கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிடுகிற நாம், அவருடைய வாகனத்தை வீதியிலே கண்டால் கல் எடுக்கிறோமல்லவா? தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் சம்மதிக்கவில்லை என்று பாரதத்திலே படிக்கிற நாமே, வீட்டுக் குட்டியைச் சாக்கிலே போட்டுக் கடற்கரையிலே விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வருகிறோம்.

இந்தக் கடைசிச் சங்கதிதான் எம்மைப் பேச வைத்தது. எமது பட்டினத்திலே சந்தையடியிலும், பஸ் நிலையத்தடியிலும், கடற்கரையிலே ஏற்றி வைத்த வள்ளங்களின் கீழும் கிடக்கிற குட்டிகளைப் பாருங்கள். எல்லாம் தெருவிலே பிறந்தவையல்ல. கழுத்திலே கயிற்றுத் தடம் இருக்கும். ஒரு வீட்டிலே சோறு தின்று வளர்ந்தவை அவை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், பெட்டைக் குட்டி என்பது ஒரு காரணம்; மற்றது, “வீடெல்லாம் நாறடிக்குது, என்ன செய்யிறது?” என்பது. மூன்று நான்கு மாதக் குட்டியைத்தான் பெரும்பாலும் இப்படி விடுகிறார்கள். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அது படிந்திருக்கும். அந்தச் சில வாரப் பொறுமை இல்லாமையினாலே ஓர் உயிர் தெருவுக்குப் போகிறது.

எமது வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. கார்த்திகை மாதத்து மழையிலே, டச்சுக் குடாக் கரையிலே ஒரு வள்ளத்தின் கீழ் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் இருக்கலாம். சிப்பி என்று பெயர் வைத்தோம். அம்மம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். “நாய் விறாந்தையோடை நிக்கட்டும். உள்ளுக்கு வந்து ஒரு நாள் அசிங்கம் பண்ணிச்சுதெண்டால், அண்டைக்கே கொண்டுபோய் விட்ட இடத்திலை விட்டிடவேணும்” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சுவாமியறை உள்ள வீடு. தினமும் விடியப் புறம் கூட்டித் தெளித்துக் கோலம் இடுகிறவர் அவர். ஆகவே எமக்கு இருந்தது ஒரே வழி: குட்டியைப் பழக்குவது.

முதல் வாரம் நாம் செய்தது, ஊரிலே எல்லாரும் செய்வது. குட்டி விறாந்தையை நனைத்தால் அதன் பிடரியைப் பிடித்து, மூக்கை அந்த இடத்திலே தேய்த்து, சுருட்டிய பத்திரிகையினாலே ஓர் அடி. பலன் என்ன தெரியுமா? சிப்பி விறாந்தையை விட்டுவிட்டு, அலுமாரிக்குப் பின்னாலே போகத் தொடங்கியது. எங்கள் கண்முன் எதுவும் செய்யாது. வெளியே கொண்டுபோய் நிறுத்தினாலும் எங்களைப் பார்த்துக்கொண்டே அடக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே வந்ததும் மறைவிலே காரியம் முடித்துவிடும். அதன் மனத்திலே பதிந்த பாடம், ‘இந்த மனிதர் பார்க்கும்பொழுது சலம் விட்டால் ஆபத்து’ என்பதுதான். இடம் பிழை என்பது அதற்கு விளங்கவேயில்லை. விளங்குவது எப்படி? அடி விழுந்தது காரியம் முடிந்து பத்து நிமிடத்துக்குப் பின். நாய்க்குத் தண்டனையோ பரிசோ, செய்கையை ஒட்டி உடனே வரவேண்டும். பிந்தி வந்தால் அது வேறெதற்கோ கிடைத்ததாகவே கொள்ளும்.

குட்டியின் உடம்பைச் சற்று அறிந்துகொண்டால் கோபம் தானே தணியும். பிறந்த முதல் மூன்று வாரமளவும் குட்டி தானாகச் சலமலம் கழிக்க மாட்டாது. தாய் நக்கித் தூண்டவேண்டும். தூண்டிச் சுத்தம் செய்வதும் தாயே. அதன்பின் நன்றாகக் கால் ஊன்றியதும், படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தானாகவே முயலும். தூங்கும் இடத்தை அழுக்காக்கக் கூடாது என்ற சுபாவம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. எமது வேலை அந்தச் சுபாவத்தை ஒரு சாக்குப் படுக்கையின் அளவிலிருந்து முழு வீட்டின் அளவுக்கு விரிப்பது மாத்திரமே. ஆனால் இரண்டு மாதக் குட்டிக்கு அடக்கும் சக்தி மிகக் குறைவு. பகலிலே இரண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிது. நான்கு மாதம் அளவிலேதான் ஓரளவு பிடித்து வைக்கும். கைக்குழந்தை மடியை நனைத்தால் அடிக்கிறோமா?

ஆகவே இரண்டாம் வாரம் முறையை மாற்றினோம். குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும், இரவு படுக்கப்போகுமுன்னும் வெளியே கொண்டுபோவது. எங்கே? தினமும் ஒரே இடம். எமது வளவிலே கிணற்றடிக்குத் தூரமாக வேலியோர மூலை. அங்கே நின்று ஒரே சொல் சொல்வது. காரியம் முடிந்த அந்தக் கணமே, வீட்டுக்குத் திரும்பி வந்து அல்ல, அங்கேயே, சிறு துண்டு நெத்தலிக் கருவாடு. உள்ளே இருக்கும் நேரமெல்லாம் கண் பார்வையில் இருக்கவேண்டும். முடியாவிட்டால் கயிற்றிலே பக்கத்தில் இருக்கவேண்டும். நிலத்தை மோந்து வட்டமிட்டால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வேளைக்குச் சோறு, வேளைக்குத் தண்ணீர். நாள் முழுதும் பாத்திரத்திலே சோறு கிடந்தால் நாள் முழுதும் காரியமும் இருக்கும்.

கழுவுவதைப் பற்றி ஒரு சொல். அமோனியா கலந்த மருந்தினாலே தரையைக் கழுவினால், அந்த மணம் சலத்தின் மணத்தை ஒத்தது. ‘இதுவே உன் இடம்’ என்று குட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததாக முடியும். நாம் முதலில் சவர்க்காரத் தண்ணீராலும், பின்பு தண்ணீர் கலந்த வினாகிரியாலும் கழுவினோம். அலுமாரிக்குப் பின்னால் மட்டும் மூன்று தரம் கழுவவேண்டியிருந்தது.

மழைதான் எமது பெரிய எதிரி. வாடைக் காற்றோடு மழை பிடித்தால் எமது பட்டினத்திலே நாட்கணக்கிலே விடாது. கச்சான் வீசும் காலத்திலே குட்டி எடுப்பவர்கள் பாக்கியசாலிகள். சிப்பி படியிலே ஒரு காலை வைத்து, நனைந்ததும் இழுத்துக்கொள்ளும். ஒரு கையிலே குடை, மறு கையிலே குட்டி. இப்படி இரவு இரண்டு மணிக்கு வேலியோரத்திலே நின்றதை அயலவர் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது. அடைமழை நாட்களுக்கென்று தாழ்வாரத்தின் கீழ் ஒரு பெட்டியிலே, வேலி மூலையிலிருந்து எடுத்த மணலை நிரப்பி வைத்தோம். மணம் பழகியதாகையால் அதை ஏற்றுக்கொண்டது.

இனி மணியின் கதை. துறைமுகப் பட்டினத்தார் நாம். கப்பலுக்குக் கப்பல் கொடியாலும் விளக்காலும் சங்கேதம் பேசுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நாய்க்கும் ஒரு சங்கேதம் இருந்தால் என்ன? குட்டி கதவடியிலே வந்து பேசாமல் நிற்கும். நாம் குசினியிலே இருந்தால் எப்படி அறிவது? மணி ஒன்று கட்டலாம் என்றோம். வீட்டிலிருந்த மணி சுவாமியறை மணி. அம்மம்மா எம்மைப் பார்த்த பார்வையிலே அந்த யோசனை அங்கேயே முடிந்தது. சந்தையிலே ஆட்டுக்குக் கட்டும் மணி ஒன்று வாங்கி, பின்கதவின் கைப்பிடியிலே, குட்டியின் மூக்குக்கு எட்டும் உயரத்திலே தொங்கவிட்டோம்.

முதலில் மணியை நீட்டினோம். மோந்து பார்க்க மூக்கு பட்டதும் கருவாடு. இரண்டு நாளிலே மூக்கால் இடிக்கப் பழகிவிட்டது. பின்பு வெளியே போகும் ஒவ்வொரு வேளையும் கதவடியிலே நின்று மணியை இடிக்கச் செய்து, இடித்த கணமே கதவைத் திறந்தோம். இப்பொழுது பரிசு கருவாடல்ல, திறக்கும் கதவே. ஏறக்குறைய மூன்று வாரம் சென்றபின், ஒரு பின்னேரம் நாம் விறாந்தையிலே இருக்க, பின்கதவிலே மணி தானாக ஒலித்தது. கடைக்கு ஆள் வந்தது போல எல்லோரும் எழுந்து ஓடினோம்.

1904 இல் நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் பாவ்லோவின் பெயரை மாணவர்கள் அறிவார்கள். அவருடைய நாய்கள் ஓசையைக் கேட்டு, உணவு வரப்போகிறதென்று எச்சில் ஊறின. அங்கே ஓசை எழுப்பியவர் மனிதர், எதிர்பார்த்தது நாய். எமது வீட்டிலோ மணி அடிப்பது நாய். எழுந்து ஓடுவது நாம். யார் யாரைப் பழக்கினார் என்று அம்மம்மா கேட்டதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

கேள்வி நியாயமானதே. ஒரு வாரத்துக்குள் சிப்பி அணிலுக்கும் மணி அடித்தது, காகத்துக்கும் மணி அடித்தது, சும்மாவும் அடித்தது. ஒரு நாள் இருபது தரத்துக்கு மேல். அதற்கும் வழி உண்டு. மணி அடித்தால் திறக்கத்தான் வேண்டும். ஆனால் கயிற்றிலே கட்டி, நேரே வேலி மூலைக்கு. ஐந்து நிமிடம். விளையாட்டில்லை, பேச்சில்லை. காரியம் இல்லையேல் திரும்ப உள்ளே. காரியம் முடிந்தால் மாத்திரம் அவிழ்த்துவிட்டு விளையாட்டு. பத்து நாளிலே வீண் மணி குறைந்தது. அந்தப் பத்து நாளிலே ஓரிரவு, மணி அடித்தும் சோம்பலினால் நாம் எழும்பவில்லை. விடிய விறாந்தையிலே பார்த்தோம். பிழை எமது. மறுமொழி இல்லாத மணியை நாய் விரைவிலே மறந்துவிடும்.

சங்கேதம் காட்டப் பழகிய நாய்கள் வேறு பெரிய காரியங்களுக்கும் உதவுகின்றன. 2009 இல் யுத்தம் முடிந்தபின் எமது வடக்கு கிழக்கு மண்ணிலே கண்ணிவெடி அகற்றும் பணியிலே நாய்களும் ஈடுபட்டன. வெடிமருந்தின் மணம் பட்டால் அவை குரைப்பதில்லை, தோண்டுவதில்லை. பேசாமல் அந்த இடத்தருகே உட்கார்ந்துவிடும். மணம் பட்டது, உட்கார்ந்தது, பரிசு கிடைத்தது. மூக்காலே மணியை இடித்த எமது பாடமும் அதே வகை.

இன்னும் இரண்டொன்று. விருந்தாளியைக் கண்டு மகிழ்ச்சியினாலோ பயத்தினாலோ குட்டி துளி விடுவது பழக்கக் குறைவல்ல. ஏசாதீர்கள், வளர வளரப் போய்விடும். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டை நனைக்கத் தொடங்கினால் அது நோயாக இருக்கலாம். தடியை வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். நாயின் மலத்தைக் கடற்கரை மணலிலே விடாதீர்கள். அதிலே உள்ள கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் புகும்.

விசர்நாய்க்கடி பற்றிப் பெரியோர் அஞ்சுவது சரியே. 1973 இல் இலங்கையிலே 377 பேர் அந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு வந்தமையால் அண்மைய ஆண்டுகளிலே அத்தொகை ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. நாயைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. ஊசி போட்டு, பதிந்து, பெட்டையானால் கருத்தடையும் செய்துவிட்டால், சந்தையடியிலே விட அடுத்த ஈற்றுக் குட்டிகள் இராது.

சிப்பிக்கு இப்பொழுது ஒரு வயது. பகலிலே நாம் வேலைக்குப் போனபின் வீட்டிலே இருப்பவர் அம்மம்மா ஒருவரே. அவருக்குக் காது சற்று மந்தம். படலையிலே தபாற்காரர் கூப்பிட்டாலும் கேளாது. ஆட்டுமணி மட்டும் கேட்கிறது. போன கிழமை அரை நாள் விடுப்பிலே வீட்டுக்கு வந்தபொழுது, பின்கதவடியிலே அவருடைய குரல் கேட்டது: “பொறடி, வாறன். முழங்கால் ஏலாத மனுசியை இப்பிடி ஓட்டாதை.”

மணி வாங்கின கடையிலே இன்னும் ஐந்தாறு மணி கிடந்தது. சந்தையடியிலிருந்து குட்டி எடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயர் தரலாம். மூன்று குட்டிகள் இன்றும் அங்கே நிற்கின்றன, இரண்டு பெட்டை, ஒன்று கடுவன்.