காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்

(தோட்டச் சுகாதார வகுப்பில் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டோம். இன்றைக்கு நாம் பேசப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி: மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர். பெக்டரி, எண்ணெய்த் தொட்டி உள்ள இடத்தில் அந்தத் தண்ணீருக்குக் கேடு வந்தால், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்ததைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் நம்ம மலைநாடு மாதிரி வற்றாத ஆறு கிடையாது. மழையாகப் பெய்து நிலத்துக்குள் இறங்கிய தண்ணீரைத்தான் குடிக்க, குளிக்க, பயிருக்கு இறைக்க எல்லாத்துக்கும் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். சுன்னாகத்தில் எண்ணெயால் இயந்திரம் ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். சுற்றுப்புறக் கிணறுகளில் வாளி விட்டால் தண்ணீரோடு எண்ணெயும் வருது என்று சனங்கள் முறையிட்டார்கள். 2015இல் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது.

அங்கே எழுந்த கேள்விகள் இரண்டு. எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கு? எங்கேயிருந்து வந்தது?

இதற்குப் பதில் சொல்ல முதலில் நிலத்தின் அடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். துளை போட்டு, எத்தனை அடியில் என்ன மண், எங்கே கல், எங்கே தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எழுதுவார்கள். மின்சாரத்தை நிலத்துக்குள் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. ஈரமண்ணில் அது எளிதாகப் போகும். காய்ந்த கருங்கல்லில் தடைப்படும். அதை வைத்துத் தோண்டாமலே ஓரளவு கணிக்கலாம்.

அடுத்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது என்பது. அதற்குக் குறைந்தது மூன்று துளை வேண்டும், அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. மூன்றிலும் தண்ணீர் மட்டத்தை அளந்து, ஒரே பொது மட்டத்தோடு ஒப்பிடுவார்கள். உயரமாக நிற்கும் பக்கமிருந்து தாழ்ந்த பக்கம் தண்ணீர் நகரும். பிறகு தொழிற்சாலைக்கு மேல் பக்கத்துத் தண்ணீரையும் கீழ்ப் பக்கத்துத் தண்ணீரையும் சோதிப்பார்கள். மேலே சுத்தம், கீழே கேடு என்றால், இடையில் உள்ள இடத்தைத்தான் சந்தேகிக்க வேணும்.

மாதிரி எடுப்பதிலும் தவறு வரலாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்க. மேலேதான் மிதக்கும். கிணற்றின் அடியில் மட்டும் தண்ணீர் எடுத்தால் எண்ணெய் அகப்படாமல் போகலாம். சில இரசாயனங்கள் தண்ணீரைவிடக் கனமானவை, அவை அடிக்குப் போய்விடும். ஆகவே எங்கே, எந்த ஆழத்தில், மழைக்கு முன்னா பின்னா எடுத்தது என்று எழுதாத மாதிரிக்கு மதிப்புக் குறைவு.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். உள்ளே வெடிப்பும் குகை போன்ற பொந்துகளும் உண்டு. அதனாலே பக்கத்துக் கிணறு நல்லாயிருக்க, தூரத்துக் கிணறு கெட்டுப்போகவும் கூடும். சுன்னாகத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எந்தத் தண்ணீரை நம்புவது என்று தெரியாமல் தாய்மார் தவித்தார்கள். கடைசியில், 2019 ஏப்ரலில், மின்சாரம் எடுத்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் நட்டஈடு கொடுத்த மாத்திரத்தில் நிலத்துக்குள் போன எண்ணெய் திரும்பி வந்துவிடாது.

இது நமக்கு எதுக்கு என்று கேட்பீங்க. நம்ம மலை யாழ்ப்பாணம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலம் இல்லைதான். மேலே உக்கிய மண், கீழே கடும்பாறை. மழைத்தண்ணீர் அந்த மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இறங்கி, சரிவிலே ஊற்றாக வருது. அதைத்தான் பீலி போட்டுப் பிடிக்கிறோம். அப்போ ஊற்றுக்கு மேலே டீசல் தொட்டி இருந்தால்? மருந்து கலக்கும் இடம் இருந்தால்? சரிவு சொல்லும் பதிலை நாமே ஊகிக்கலாம்.

ஆகவே நாம் செய்யக்கூடியது மூன்று. ஒன்று, லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்று எது, அதற்கு மேலே என்ன இருக்கு என்று நடந்து பார்த்து, ஒரு கொப்பியில் படம் போட்டு வைப்பது. இரண்டு, நிறம், மணம், மேலே படலம் ஏதும் மாறினால் அன்றைக்கே திகதியோடு எழுதிவைத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்திலே அறிவிப்பது. மூன்று, சந்தேகப்பட்ட தண்ணீரைக் குடிக்காமல் வேறு தண்ணீர் கேட்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்ணெயும் மருந்தும் போகாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்க.

துளை போடும் இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் வருகிற நிபுணர் முதலில் கேட்பது, "எப்போதிருந்து இப்படி?" என்றுதான். அதற்குப் பதில் அந்தக் கொப்பியில் இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊற்றடிக்கு ஒருதரம் போய் வருவோம்.