வாழ்ந்தவருக்குச் சான்றிதழ், நடித்தவருக்குத் தாமரை

(மதுரை மாட்டுத்தாவணியில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் பக்கத்திலிருக்கும் பேருந்து நிலையத்தில் இறங்கித்தான் இங்கே வந்திருப்பீர்கள். நாம் மாட்டுத்தாவணி என்கிறோம். அதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம். அந்த எம்.ஜி.ஆருக்குத்தான் 1972இல், 'ரிக்சாக்காரன்' படத்துக்காக, இந்தியாவின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது கிடைத்தது. தமிழ் சினிமாவிலிருந்து அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர். 1960லேயே கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னுக்காகச் சிறந்த நடிகர் பரிசு பெற்ற சிவாஜி கணேசனுக்கு, சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசி வரை கிடைக்கவில்லை.

இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தம்பி கேட்டார்: "எல்லாம் பேருக்காகத்தானே தோழர் குடுக்குறாய்ங்க? இதுல பேச என்ன இருக்கு?" அப்படி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பெயர் மட்டும் போதும் என்றால் சிவாஜிக்கு ஏன் கிடைக்கவில்லை?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2017இல் 64ஆவது தேசிய விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த நடிகர், 'ருஸ்தம்' படத்துக்காக அக்ஷய் குமார். அவரை வைத்துப் பல படங்கள் எடுத்த பிரியதர்ஷன்தான் நடுவர் குழுத் தலைவர். விமர்சனம் எழுந்தது. ஆனால் அதே குழு, அதே நாளில், சிறந்த நடிகை விருதை 'மின்னாமினுங்கு' என்ற சிறிய மலையாளப் படத்துக்காக சுரபி லட்சுமிக்குக் கொடுத்தது. கேரளத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆக, பெயர் இல்லாதவர்களும் சில நேரம் உள்ளே போகிறார்கள். நாம் கேட்க வேண்டியது, அவர்களை எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள், எந்த நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள் என்பதைத்தான்.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்த ஊர். பிறப்பை வைத்தே ஒருவருடைய 'இயல்பு' இன்னதென்று அரசு பதிவேட்டில் எழுதிவைத்த வரலாறு அந்த ஊருக்கு உண்டு. 'இயல்பு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

அந்த ஊர் விவசாயி நல்லாண்டி. 80 வயதைத் தாண்டிய பிறகு, மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி'யில் மாயாண்டியாக நடித்தார். படம் திரைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். 2023 ஆகஸ்டில் 69ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது சிறந்த தமிழ்ப் படம் 'கடைசி விவசாயி'. நல்லாண்டிக்கு 'சிறப்புக் குறிப்பு'. அந்த ஆண்டின் சிறந்த நடிகர், 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுன். அவருக்கு வெள்ளித் தாமரையும் 50,000 ரூபாயும். சிறப்புக் குறிப்பு என்பது ஒரு சான்றிதழ். வேறு எதுவும் அதில் கிடையாது.

அல்லு அர்ஜுன் மீது எனக்குக் கோபம் இல்லை. தெலுங்கிலிருந்து அந்த விருதை வாங்கிய முதல் நடிகர் அவர். அதுவும் ஒரு நீண்ட புறக்கணிப்பு முடிந்த கதைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் தோளைச் சாய்த்து, தோல் நிறத்தைக் கறுப்பாக்கிச் செம்மரக் கூலியாகத் தோன்றினால் அது நடிப்பின் உச்சம். ஒரு விவசாயி விவசாயியாக நடித்தால் அது சிறப்பாகக் குறிப்பிடத்தக்க ஒன்று.

ஏன்? நட்சத்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தூரத்தைத்தான் உழைப்பு என்று எண்ணுகிறோம். அவருடைய பழைய படங்களும் நேர்காணல்களும் வாழ்க்கையும் நமக்குத் தெரியும் என்பதால்தான் தூரமே தெரிகிறது. புகழ் விருதுக்கு உதவுவது இந்த வழியில். நடுவருக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டாம், போன் போட வேண்டாம். புகழே அளவுகோலாக மாறிவிடுகிறது. பெயர் தெரியாதவரிடம் நமக்கு அந்தத் தூரம் தெரிவதில்லை. உடனே சொல்லிவிடுகிறோம்: "அவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்." பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாராட்டு அவருடைய வேலையை அழித்துவிடுகிறது.

கேமராவுக்கு முன்னால் யாரும் சும்மா வாழ முடியாது, தோழர்களே. ஒரே காட்சியைக் கோணம் மாற்றி மாற்றி எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே பக்கம் திரும்பி, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். காது மந்தமான மாயாண்டி நீதிமன்றத்தில் நிற்கும் காட்சிகளைத் திரும்பப் பாருங்கள். கேள்வி காதில் விழுவதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில்தான் நாம் சிரிக்கிறோம், கலங்குகிறோம். அது தொழில்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 'அழகர்சாமியின் குதிரை' படத்தில் அழகர்சாமியாக நடித்தவர் அப்புக்குட்டி. படத்தின் பெயரிலேயே இருக்கிறது அவருடைய பாத்திரம். 2012இல் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. என்ன விருது? சிறந்த துணை நடிகர்! யாருக்குத் துணை? குதிரைக்கா? 'சைராட்' படத்தைத் தன் தோளில் சுமந்த ரிங்கு ராஜ்குருவுக்கு சிறப்புக் குறிப்பு. 'ஆடுகளம்' படத்தில் பேட்டைக்காரனாக வந்த கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்கும் சிறப்புக் குறிப்பு. திண்ணை வரைக்கும் வரச்சொல்லி, நடுவீட்டுக்குள் விடாத ஒரு மரியாதை இது.

நல்லாண்டி என்ன சாதி என்று தேடிப் பட்டியலில் சேர்க்க நான் வரவில்லை. சாதி யோசிக்கும் முறையைப் பற்றித்தான் பேசுகிறேன். உழுகிறவருக்கு உழவு 'இயல்பு', பறை அடிப்பவருக்குப் பறை 'ரத்தத்திலேயே ஊறியது' என்று சொல்லிச் சொல்லித்தான் கற்றதை எல்லாம் பிறப்பாக்கினார்கள். திறமையைப் பிறப்பாக்கிவிட்டால் கூலி தர வேண்டாம், மதிப்பெண் தர வேண்டாம். 1920இல் குற்றத்தை இயல்பு என்று எழுதினார்கள். இன்று கலையை இயல்பு என்று எழுதுகிறார்கள். முதலாவது கொடுமை, இரண்டாவது புகழ்ச்சி. ஆனால் பின்னால் இருக்கும் தர்க்கம் ஒன்றுதான்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த விஷயம் இல்லை. ஆய்வில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். 8 மாத உழைப்பு. கோட்பாட்டுப் பகுதியை மட்டும் நான்கு முறை திருத்தியிருந்தேன். அமர்வுத் தலைவர் எனக்கு முன்னால் வாசித்தவரிடம் அவருடைய வாதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். என்னிடம், "உங்க அனுபவம் ரொம்ப உருக்கமா இருந்துச்சு தம்பி" என்றார். என் கட்டுரையில் என் அனுபவம் ஒரு வரிகூட இல்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் மீதியை அவரே எழுதிக்கொண்டார். கோபால் குரு 2002லேயே இதை எழுதியிருக்கிறார்: இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒருவர் வீட்டில், தரவு இன்னொருவர் வீட்டில். சினிமாவில் நடிப்பு ஒருவர் வீட்டில், வாழ்வு இன்னொருவர் வீட்டில்.

சரி, என்ன செய்வது? முதலில், எண்ணிப்பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்கருக்கு 2015, 2016 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடிப்புப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட 20 பேரும் வெள்ளையர்கள். கறுப்பினப் பெண் ஏப்ரல் ரெயின் ஒரு ஹேஷ்டேக்கில் அதைக் கேள்வியாக்கினார். 2016இல் அகாதமி தன் உறுப்பினர் சேர்க்கையையே மாற்றவேண்டி வந்தது. பட்டியல் வெளியே இருந்ததால்தான் எண்ண முடிந்தது. நம் தேசிய விருதில் தயாரிப்பாளர் படத்தை அனுப்புகிறார், வட்டாரக் குழுக்கள் பார்க்கின்றன, மத்தியக் குழு முடிவெடுக்கிறது. நமக்கு வென்றவர் பெயர் மட்டும் வருகிறது. 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றும் 2021இல் வந்த படங்கள். அந்த ஆண்டின் விருதுப் பட்டியலில் மூன்றுமே இல்லை. செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ், ராசாகண்ணுவாக நடித்த மணிகண்டன் பெயர்கள் இறுதி மேசை வரை போனதா, யார் என்ன சொல்லித் தள்ளினார்கள்? கேட்க வழி இல்லை. இந்த ஊரில் மாட்டுச் சந்தை நடந்த காலத்தில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். அது வியாபாரம், இருக்கட்டும். மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கும் விருதுக்குத் துண்டு எதற்கு? இறுதிச் சுற்றுப் பெயர்களையும் காரணங்களையும் வெளியிடச் சொல்வோம்.

இரண்டாவது நமக்கு. 'பரியேறும் பெருமாள்' படத்தில் அப்பாவாக வந்த நெல்லை தங்கராசு, பெண் வேடம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். 2023இல் இறந்துவிட்டார். அந்தப் படம் வந்தபோது நான் எழுதிய குறிப்பை நேற்று எடுத்துப் பார்த்தேன். கதாநாயகனின் நடிப்பைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறேன். தங்கராசு அவர்களைப் பற்றி ஒரே வரி: "அவர் வாழ்ந்திருக்கிறார்." பல்லாண்டு மேடையில் உடம்பைப் பழக்கிய ஒரு கலைஞரை, சாதியை எதிர்த்து ஆய்வு செய்கிற நான், அந்த ஒரு வரியில் அடைத்துவிட்டேன். கருத்தரங்கில் எனக்கு நடந்ததை நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. வரியைத் திருத்த முடியும். அந்தக் குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: தங்கராசு அந்தப் படத்தில் நடித்தார், மிகச் சிறப்பாக நடித்தார். நீங்களும் அடுத்த விமர்சனம் எழுதும்போது அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள், தோழர்களே.

ஜெய் பீம்.