மின்னணுக் கையொப்பம்

தம் ஒப்பத்தைப் படமெடுத்துப் பத்திரத்தின் அடியில் ஒட்டிவிட்டு, மின்னணுக் கையொப்பம் இட்டுவிட்டதாகச் சிலர் எண்ணுவதை நான் கண்டதுண்டு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுவது அதுவன்று.

பத்திரத்தின் எழுத்துகளிலிருந்து கணிப்பொறி ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடுகிறது. கையொப்பமிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள அந்தரங்கத் திறவுகோலால் அதனைப் பூட்டுகிறார். அதன் இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆயிரம் ரூபாயைப் பத்தாயிரமாக ஒருவன் திருத்தினால் கணக்கு ஒவ்வாது போகும். மையால் இட்ட ஒப்பத்துக்கு இக்காவல் ஏது? திறவுகோல் இன்னாருடையது என்று சான்றளிக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. இத்தகைய கையொப்பத்தைக் கைப்பட இட்டதற்கு நிகராகச் சட்டம் ஏற்கிறது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் வேறு சில முறைகளுக்கும் வழிவிட்டது.

உயிலுக்கு இது செல்லாது. எழுதியவர் மறைந்த பின்னரே பேசத் தொடங்கும் பத்திரமாதலின், அவ்வெச்சரிக்கை தகும் என்பேன்.

வேலை மிகுதியால் தம் திறவுகோலைக் கணக்கரிடம் ஒப்படைத்துவிடுவோர் பலர். அதனைக் காப்பது உரியவர் கடமை என்கிறது 42-ஆம் பிரிவு. அது பிறர் வசப்பட்டால் சான்றளித்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவரையே சாரும்.