கரையிலேயே சொல்லிவிடு



'கணிப்பொறித் துறையில் நம் நன்றிக்குப் பெரிதும் உரியவர் படைப்பவரா, பிழை காண்பவரா?' இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது பிழை காண்பவர் கட்சி. இருபத்தைந்து வருஷமாகச் சிவப்பு மையை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற தமிழ் வாத்தியார் நான். வேறு எந்தக் கட்சி கொடுத்தாலும் எனக்கு ஒத்துவராது என்று நடுவருக்குத் தெரிந்திருக்கிறது! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாகச் சொன்னார்கள். "வீடு கட்டுகிறவர் கொத்தனார். வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'பூச்சு சரியில்லை' என்று சொல்கிறவர் வேலை இல்லாதவர்" என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மண்பானையைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்களா? தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல்? கடைக்காரர் முறைக்க முறைக்க வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல்? தமிழ்நாட்டில் அத்தனை தாய்மார்களும் டெஸ்டர்கள்தானம்மா! சம்பளம்தான் கிடையாது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே! கணிப்பொறி அறிவியல் படிக்கிற பிள்ளைகளும் என் தமிழ் வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். அப்படி என்னிடம் படித்த ஒரு மாணவி. புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கிற கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இந்தப் பிள்ளை இன்றைக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை வாங்கி, எங்கே உடையும், எப்படி உடையும் என்று முட்டிப் பார்க்கிற வேலை.

அந்தப் பிள்ளையின் நிச்சயதார்த்தத்துக்குக் கோட்டைப்பட்டினம் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு அத்தை கேட்டார்கள், "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" அப்பா வெள்ளந்தியாகச் சொன்னார், "கம்ப்யூட்டர்ல குறை கண்டுபிடிக்கிற வேலைங்க." அத்தை முகம் மாறிப்போச்சு. "அப்ப எங்க வீட்டுக்கு வந்தும் அதைத்தான் செய்யுமா?" (பலத்த சிரிப்பு)

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னது: "ஐயா, ஆபீஸ்லயும் இதே பேச்சுதான். புரோகிராம் எழுதறவங்களுக்குப் பாராட்டு விழா. என்னைப் பார்த்தா, வந்துட்டாடா வேலையைக் கெடுக்கன்னு எழுந்து போயிடுறாங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். மருத்துவமனைக்கான ஒரு மென்பொருள். மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு இந்தப் பிள்ளை மருந்து அளவு அடிக்கிற கட்டத்தில் ஒரு சோதனை செய்கிறது. அரை மில்லி. 'பூஜ்யம் புள்ளி ஐந்து' என்று அடித்தால் சரியாக வாங்கிக்கொள்கிறது. பூஜ்யத்தை விட்டுவிட்டு 'புள்ளி ஐந்து' என்று மட்டும் அடித்தால், புள்ளியை விழுங்கிவிட்டு ஐந்து என்று எடுத்துக்கொள்கிறது. அரை மில்லி எங்கே, ஐந்து மில்லி எங்கே? பத்து மடங்கு!

மேலதிகாரி சொன்னாராம், "இப்படி யாரும்மா அடிக்கப்போறா? சரின்னு போட்டுட்டு வீட்டுக்குப் போ." இந்தப் பிள்ளை சொன்னது: "சார், ராத்திரி டியூட்டியில தூக்கக் கலக்கத்துல இருக்கிற நர்ஸ் அடிப்பாங்க." கையெழுத்துப் போடவில்லை. ஒப்படைப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த வருஷம் சம்பள உயர்வும் தள்ளிப்போனது. (அரங்கில் அமைதி)

"யார் இப்படி அடிக்கப்போகிறார்கள்?" இந்தக் கேள்விக்கு உலகம் ஒரு முறை உயிரைக் கொடுத்து விடை கண்டிருக்கிறது நடுவர் அவர்களே. தெராக்-25 என்று ஓர் இயந்திரம். கனடாவில் தயாரானது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருவது. அதற்கு முந்தைய மாதிரியில், தப்பு நடந்தால் தடுக்கத் தனியாகச் சாதனப் பூட்டுகள் இருந்தன. புதிய இயந்திரத்தில் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

தயாரித்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பிழை வரவேயில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் நிதானமாகத் தட்டினார்கள். 1986-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், அந்த இயந்திரத்தை இயக்குகிற பெண்ணும் அங்கே வேலை பார்த்த இயற்பியலாளரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பழகிய கை வேகமாகப் போகும் அல்லவா? ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு எட்டு வினாடிக்குள் திருத்திவிட்டால், திரையில் சரியாகத் தெரியும், உள்ளே தப்பாக இருக்கும். வேலையில் கைதேர்ந்தவர் கையில்தான் அந்தப் பிழை ஒளிந்திருந்தது!

எதிரணி நண்பர் இன்னொன்று சொன்னார். "ஏற்கெனவே நன்றாக ஓடுகிற மென்பொருளை ஏன் ஐயா மறுபடி சோதிக்க வேண்டும்?" ஐயா, 1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியன்-5 ராக்கெட்டின் முதல் பயணம். ஏரியன்-4-இல் ஒழுங்காக ஓடிய மென்பொருள் பகுதியை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் கூட. அந்த வேகத்துக்கு வந்த எண், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொள்ளவில்லை. கிளம்பி நாற்பது வினாடிக்குள் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. அண்ணன் சட்டை தம்பிக்குச் சேரும் என்று போட்டுப் பார்க்காமலே கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள்! (சிரிப்பு)

தமிழுக்கு இது புதிதா? தொல்காப்பியம் எங்கே அரங்கேறியது? அதங்கோட்டாசான் முன்னிலையில். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அகத்தியருக்குத் தொல்காப்பியர்மேல் கோபம். "அவன் நூலைக் கேட்காதே" என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிட்டார். தொல்காப்பியரோ, "கேட்டே ஆகவேண்டும்" என்று விடாமல் நடக்கிறார். இருவர் மனமும் நோகக்கூடாது. ஆசான் ஒரு முடிவுக்கு வந்தார்: கேட்போம், கேட்டுக் குற்றமாகச் சொல்லித் தள்ளிவிடுவோம்! அவர் குற்றம் சொல்லச் சொல்ல, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். நூல் நின்றது. உடைத்துப் பார்க்க உட்கார்ந்தவர் முன்னால் உடையாமல் நின்றதுதான் அந்த நூலுக்குப் பெருமை. நம் தமிழின் முதல் டெஸ்டர் அதங்கோட்டாசான்! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே. கோட்டைப்பட்டினத்தை முடித்துவிட்டு உட்காருகிறேன்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் அப்பா என்னைப் படகுத் துறைக்குக் கூட்டிப்போனார். டீசல், ஐஸ், வலை, என்ஜின் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்தக் கடலில் எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் வரைந்தது. தண்ணீரில் கோடு கண்ணுக்குத் தெரியுமா? தாண்டினால் படகு போகும், ஆளும் சிறைக்குப் போவார். இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' போன்ற செயலிகள் அலை, காற்று நிலவரம் சொல்கின்றன. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கின்றன. நல்ல காரியம்தான்.

"இதெல்லாம் இருக்கும்போது என்னண்ணே கவலை?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"சார், சிக்னல் போயிட்டா பொட்டி என்ன காட்டும்? ஒண்ணும் காட்டலைன்னா பரவால்ல, நான் நட்சத்திரத்தைப் பார்த்துக்கிருவேன். பழைய இடத்தையே காட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா? அதை நம்பித்தானே நான் கோட்டைத் தாண்டுவேன்?"

அசந்துவிட்டேன். தெரியாது என்று சொல்கிற கருவி ஆபத்தில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுகிற கருவிதான் ஆபத்து. கல்லூரி வாசல் மிதிக்காத அந்த மனிதர் கேட்டதைவிட நல்ல சோதனைக் கேள்வியை நான் எங்கேயும் கேட்டதில்லை. மகளுக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

"இப்போதெல்லாம் இயந்திரமே சோதித்துவிடுகிறது" என்பார்கள். சோதிக்கட்டும். ஆயிரம் தடவை சலிக்காமல் தட்டும். ஆனால் ராத்திரி டியூட்டி நர்ஸின் தூக்கக் கலக்கத்தையும், உப்புத் தண்ணீரில் ஊறிய விரலையும் நினைத்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்க, மனிதர்மேல் அக்கறையுள்ள ஒரு மனிதர் வேண்டும்.

படைப்பவர் இல்லாமல் சோதிப்பவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சோதனையாளரும் 'குறையே இல்லை' என்று சத்தியம் செய்யவும் முடியாது. 'நான் தேடிய இடத்தில் இல்லை' என்றுதான் சொல்ல முடியும். அந்த அடக்கம் அந்த வேலைக்கே உரியது.

படகை விட்டு இறங்கும்போது அவரிடம் கேட்டேன், "உங்க மகள் பண்ணுனது சரியாண்ணே? சம்பள உயர்வு போயிருச்சே?" அவர் சொன்னார்: "ஓட்டை இருக்குன்னு கரையில சொல்றவன் மேல கோபம் வரும் சார். நடுக்கடல்ல சொல்றவன் மேல கோபம் வராது. கோபப்பட ஆளு இருக்கமாட்டான்."

கோபத்தை வாங்கிக்கொண்டு கரையிலேயே சொல்கிற அந்தப் பிள்ளைகளுக்கே நம் நன்றி பெரிதும் உரியது என்று தீர்ப்பு வழங்குங்கள் என நடுவரைக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)