தோளுக்கு மேல் வளர்ந்த மகனும் நான்கு சில்லு வண்டியும்

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பது தமிழ்ப் பெற்றோரிடையே அடிக்கடி வழங்கும் பழமொழி. வளர்ந்த மகனை அதட்டி ஆள்வது தகாது. அவன் சொல்லுக்கும் செவிசாய்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆயின், தோள் உயர்ந்த அளவிற்கு நிதானமும் உயர்ந்துவிட்டது என்று அப்பழமொழி கூறவில்லை. இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும் இடமொன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைகளிலும் காட்டுப் பாதைகளிலும் மணல் மேடுகளிலும் ஓடுகின்ற நான்கு சில்லு மோட்டார் வண்டியே அது. குவாட் பைக் என்பது அதன் வழக்குப் பெயர்.

அங்கே பல குடும்பங்களில் எழுகின்ற வினா ஒன்றே. பதினைந்து வயது மகன் சிறிய வண்டியில் சில ஆண்டுகள் பழகியிருக்கிறான். உடல் வளர்ந்துவிட்டது, பழைய வண்டியில் முழங்கால் இடிக்கின்றது. இனிப் பந்தய வேகமுள்ள பெரிய வண்டி வேண்டுமென்கிறான். தந்தை அதனைக் கொடுக்கலாமா?

விடை காணுமுன் வண்டியின் இயல்பை அறிதல் வேண்டும். யமஹா என்னும் யப்பானிய நிறுவனத்தின் ராப்டர் 700 என்ற வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரக் கொள்ளளவு 686 கன சென்ரிமீற்றர். எரிபொருளுடன் அதன் நிறை ஏறத்தாழ 190 கிலோகிராம். மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தையும் அது தாண்டவல்லது. இவ்வளவு வலுவையும் எழுப்புவது ஓட்டுபவனின் வலது பெருவிரல் ஒன்றே.

நான்கு சில்லுகள் இருப்பதால் இவ்வண்டி சாயாது என்று பலர் எண்ணுகின்றனர். அதுவே பெரிய ஏமாற்றம். மோட்டார்க் காரிலே, வளைவில் திரும்பும்போது பின்சில்லுகள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியும். இந்தப் பந்தய வண்டியிலோ இரண்டும் ஒரே அச்சிற் பிணைக்கப்பட்டு ஒன்றாகவே சுழல்கின்றன. ஆகவே வண்டி வளைய மறுத்து நேரே செல்லவே முயலும். ஓட்டுபவன் தன் உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்துத்தான் அதனைத் திருப்ப வேண்டும். மேடேறும்போது முன்னே சாயாவிட்டால் முன்சில்லுகள் எழுந்து, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து அவன்மேலேயே விழக்கூடும். ஏறக்குறைய 190 கிலோகிராம் இரும்பு மார்பின்மேல் விழுந்தால் நேர்வது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய விபத்துகள் பெருகியதனாலேயே 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பெரிய உற்பத்தியாளருடன் நீதிமன்ற உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டது. அதன்படி மூன்று சில்லு வண்டிகளின் விற்பனை நின்றது. 90 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிகளைப் பதினாறு வயதிற்குட்பட்டவர்களுக்கென விற்பதில்லை என்றும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வண்டிகளுக்கான பாதுகாப்பு நியமங்கள் கட்டாயமாயின. 2010ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலம் பதினான்கு வயதிற்குட்பட்டோர் இவற்றை ஓட்டுவதையே தடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, பதினாறு வயதுவரை எந்த அளவு வண்டியும் வேண்டாமென்று கூறுகின்றது.

யமஹா நிறுவனமே தன் ராப்டர் 700 வண்டி பதினாறு வயது நிரம்பிய, அனுபவமுள்ள ஓட்டுநருக்கு மட்டுமே உரியது என்கிறது. இவை இரண்டு நிபந்தனைகள். வயது வாயிலைத் திறக்கும். அனுபவமே உள்ளே செல்லும் தகுதி. ஆகையால் பதினைந்து வயது மகனுக்குப் பெரிய வண்டி ஆகாது. அதற்காக அவனைச் சிறு வண்டியிலேயே குறுக்கி வைத்தலும் நன்றன்று; உடலுக்குச் சிறுத்த வண்டியை ஆள்வதும் கடினம். பதினான்கு வயதிற்கு மேற்பட்டோருக்கென, மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீற்றருக்கு மேற்படாத இடைநிலை வண்டிகள் உள்ளன. அவனுக்குப் பொருத்தமானது அதுவே.

"நான் ஒருமுறையும் விழவில்லையே" என்று மகன் வாதிடலாம். விழாதது அவன் திறமையாலா, சிறிய வண்டி அவன் பிழைகளைப் பொறுத்துக்கொண்டதாலா என்று தந்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய வண்டி பிழை பொறுக்காது.

பதினாறு நிரம்பிய பின்னர் எதைக் கொண்டு தகுதியை அளப்பது? மிதியிலே நின்று முழங்காலை மடக்கி உடலை நகர்த்த முடிகிறதா, விரல்கள் தடைப்பிடியை எட்டுகின்றனவா என்பது உடற்சோதனை. மேட்டின் நடுவே இயந்திரம் நின்றால் பதறாமல் என்ன செய்ய வேண்டுமென்று அறிவானா என்பது பயிற்சிச் சோதனை. இவற்றைப் பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது சோதனையே முதன்மையானது. யாரும் பார்க்காதபோதும் தலைக்கவசம் அணிகிறானா? ஒருவர் மட்டும் அமரவேண்டிய வண்டியில் நண்பனை ஏற்ற மறுக்கிறானா? மண்ணுக்கென அமைந்த சில்லுகளைத் தார்வீதியில் ஓட்டாதிருக்கிறானா? கூட வந்தவர் நகைத்தாலும், தன்னால் ஏற முடியாத மேட்டைக் கண்டு திரும்பி வருகிறானா? இவற்றிற்கெல்லாம் ஆம் என்று பதில் வருமாயின் அவன் பெரிய வண்டிக்குத் தயாராகிவிட்டான். ஒன்றிற்கேனும் இல்லையென்றால், அவன் எத்துணை உயர்ந்து வளர்ந்திருந்தாலும் இன்னும் காத்திருக்க வேண்டியவனே.

இந்தப் பதில்களை வண்டி விற்பவர் சொல்ல மாட்டார், சட்டமும் சொல்லாது. பல நாள் உடன் சென்று, உடன் ஓட்டி, தானும் தலைக்கவசம் அணிந்து வழிகாட்டும் தந்தையே அவற்றை அறியவல்லவர். அறிந்த பின்னர் திறப்பைக் கையிற் கொடுப்பது நம்பிக்கை. அறியுமுன் கொடுப்பது பாசம் போலத் தோன்றினும் அது பாசமன்று.