இரண்டு கையும் தையலுக்கு: தோல் தைக்க ஒரு பிடிகட்டை

(வாழ்வாதாரப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஊர் திரும்பி வீடு வாசலைச் சரிசெய்கிற நாட்களில் பிய்ந்துபோகிற சாமான்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் புத்தகப்பை, செருப்பு வார், இடுப்புப் பட்டி, சைக்கிள் சீற்றின் உறை. இவற்றைத் தைக்க ரவுணுக்குப் போனால் பஸ் காசே தையற்கூலியை விட அதிகமாகிவிடும். அதனால்தான் உங்களில் பலர், தோல் தைக்கிற மெஷின் வாங்கக் கடன் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடனுக்குப் போகுமுன், இரண்டு ஊசியும் ஒரு மரப் பிடிகட்டையும் கொண்டு தொடங்குங்கள்.

கைத்தையலை மட்டமாக எண்ண வேண்டாம். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொழுவி நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் அது மெல்ல மெல்லக் கழன்றுகொண்டு போகும். இரண்டு ஊசியால் தைக்கும்போது ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு பக்கமிருந்தும் கடந்து போகிறது. ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதற்கு இரண்டு கையும் வேண்டும். தோலை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு தைத்தால் அது வழுக்கும், குத்தூசி கையில் ஏறும். தோலைப் பிடித்துத் தருகிற மூன்றாவது கைதான் இந்தப் பிடிகட்டை.

முதலில் மரம். பழைய கதவுப் பலகை, பெட்டிப் பலகை, வேப்பம் பலகை எதுவும் உதவும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், வெடிப்பு இருக்கக்கூடாது. பலகை தேடி, மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நட்ட இடத்துக்கோ, மிதிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத பற்றைக்கோ போகாதீர்கள். கைவிடப்பட்ட பதுங்கு குழியின் மரக்குற்றிகளை இழுக்காதீர்கள். சந்தேகம் என்றால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். சண்டை நடந்த இடத்து மரத்துக்குள் ஷெல் துண்டு புதைந்திருக்கும். வாள் வைக்குமுன் துளையோ கறுத்த தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். பலா, பெண் பனை போன்ற மரங்களை அனுமதியில்லாமல் வெட்டுவதும் சட்டப்படி குற்றம்.

இனி அளவுகள். அடிப்பலகை 50 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், இரண்டரை தடிப்பு. தாடைப் பலகைகள் இரண்டு: ஒவ்வொன்றும் 35 நீளம், 8 அகலம், 2 தடிப்பு. நடுக்கட்டை ஒன்று: 10 உயரம், 8 அகலம், 4 தடிப்பு. உதட்டுக் கட்டைகள் இரண்டு: 8 நீளம், 4 உயரம், 2 தடிப்பு. இவற்றோடு ஒரு பிணைச்சல், 12 சென்ரிமீற்றர் நீளமும் 8 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு போல்ட், இரண்டு வாசர், கையால் திருகக்கூடிய காது வைத்த நட் ஒன்று.

அடிப்பலகையின் ஒரு நுனியில், அகலத்தின் நடுவே, நடுக்கட்டையை நிறுத்திக் கீழிருந்து திருகாணி போடுங்கள். அதன் இடப்பக்கத்தில் ஒரு தாடையை நிமிர்த்தி வைத்து இறுக்குங்கள். மற்றத் தாடையை வலப்பக்கத்தில் நிறுத்தி, அதன் அடியை வெளிப்புறமாகப் பிணைச்சலால் அடிப்பலகையோடு பூட்டுங்கள். இந்தத் தாடை வெளியே சாய்ந்து திறக்கும். இரண்டு தாடைகளின் மேல்நுனியிலும் உட்புறமாக உதட்டுக் கட்டைகளை ஒட்டித் திருகாணி போடுங்கள். மூடும்போது உதடுகள் இரண்டும் சரியாக முட்ட வேண்டும். நுனியின் வெளிவிளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டால் ஊசி பிடிக்கிற விரலுக்கு இடம் கிடைக்கும். உதட்டின் உட்புறத்தில் பழைய தோல் துண்டு ஒட்டினால் தைக்கிற தோலில் தழும்பு விழாது.

மேல்நுனியிலிருந்து 12 சென்ரிமீற்றர் கீழே இரண்டு தாடைகளையும் துளைத்துப் போல்டைச் செலுத்துங்கள். அசைகிற தாடையின் துளை 12 மில்லிமீற்றர் அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சாயும்போது இறுகிக்கொள்ளும்.

வாங்கில் இருந்து, அடிப்பலகையைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன்மேல் அமருங்கள். தாடை முழங்கால்களுக்கு நடுவே நிற்கும். செயற்கைக் கால் பாவிக்கிறவர்கள் அடிப்பலகையை வாங்கோடு திருகாணியால் பூட்டிவிட்டால் காலால் அழுத்தவே தேவையில்லை.

தைக்கும் முறை இதுதான். தோலின் ஓரத்திலிருந்து 4 அல்லது 5 மில்லிமீற்றர் உள்ளே கோடு இழுங்கள். முள்ளுக்கரண்டியை அந்தக் கோட்டில் அழுத்தினால் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும். தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கும், அதற்கு மேல் ஒரு முழமும் நூல் எடுங்கள். வலை பின்னுகிற நைலோன் நூல் நல்லது. நூலில் தேன்மெழுகு தேய்த்து, இரண்டு நுனியிலும் ஊசி கோருங்கள். முதல் துளையில் நூலைப் பாதிக்குப் பாதி இழுங்கள். அடுத்த புள்ளியைக் குத்தூசியால் குத்தி, இடக்கை ஊசியை விட்டு, அதே துளையால் வலக்கை ஊசியைத் திருப்பி விடுங்கள். உள்ளே இருக்கிற நூலைக் குத்திவிடக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுங்கள். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் எந்த வேலை செய்வது என்று பழைய கணக்குப் பார்த்தால் அடுப்பு எரியாது. எல்லோரும் ஒரே தறப்பாளின் கீழ் இருந்து வந்தவர்கள்தானே.

முதலில் உங்கள் பிள்ளையின் பையைத் தையுங்கள். ஒரு மாதம் அது தாங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அயலவரின் பை, செருப்பு. வேலை வந்து குவிகிறது என்று கண்ட பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அப்போது எடுக்கிற கடனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்பது உங்கள் கைக்கே தெரிந்திருக்கும்.