விளம்பரத்தில் போட்ட விலை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் விற்பவர்கள் விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, நேரில் போனதும் கூடுதலாகக் கேட்க முடியாது. 2010 முதல் இதுதான் சட்டம். வண்டியைக் கொண்டுவந்த செலவு, ஒப்படைக்கும் முன் செய்யும் பரிசோதனை, அலுவலகக் கட்டணம் எல்லாமே அந்த விலைக்குள் அடங்க வேண்டும். கண்ணாடியில் எண் பொறித்திருக்கிறோம், டயரில் நைட்ரஜன் அடைத்திருக்கிறோம் என்று பில்லில் தனிக் கட்டணம் சேர்ப்பதுதான் பெரிய அநியாயம். ஏற்கெனவே வண்டியில் செய்துவிட்ட வேலை என்றால் அதுவும் விளம்பர விலையில் சேர்ந்ததே. 13 சதவீத விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் மட்டும் வெளியே நிற்கலாம். அதையும் விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே கார் வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால், திரும்பிவர அவகாசம் எதையும் அந்தச் சட்டம் தரவில்லை.